முனியாண்டிக்கு ஹாரன் அடிக்காத பஸ்

நிர்வாகம் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘உளவியலின் முக்கியப் பார்வைகள்’. இந்த ஆலோசனை மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றார்கள். பேசுவதைவிட எழுதித் தருவது எனக்கு எளிது. ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டதால் யாரும் என்னைத் திருத்தப் போவதில்லை என்ற தைரியமும் இருக்கிறது.

அந்தப் பார்வைகளை நீங்கள் சமீபத்தில்தான் படித்திருப்பீர்கள். ஒருவர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்ற ஒரே கேள்விக்கு ஆறு திசைகளிலிருந்து வரும் ஆறு பதில்கள் அவை. பழக்கம் கற்றுக்கொடுத்ததைச் செய்கிறார் என்பது நடத்தையியல். உள்ளே புதைந்து கிடப்பது வெளியே வருகிறது என்பது உளப்பகுப்பாய்வு. நினைக்கும் விதம்தான் காரணம் என்பது அறிதல் பார்வை. மூளையையும் உடம்பையும் பார் என்பது உயிரியல். அவர் எப்படி வாழ விரும்புகிறார், அதற்கு எது தடை என்று கேட்பது மனிதநேயப் பார்வை. அவரைச் சுற்றி இருப்பவர்களையும் அவர்களுடைய வழக்கங்களையும் பார் என்பது சமூகப் பண்பாட்டுப் பார்வை.

இந்த ஆறையும் தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். நான் பதினாறு வருட அனுபவத்துக்குப் பிறகு, ஐந்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி ஒன்றைக் கைவிட்டேன். அதனால் ஒரு மனிதரின் வேலை ஏறக்குறையப் பறிபோயிற்று. அதைத்தான் எழுதப் போகிறேன்.

அவர் பெயர் குணா என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். பேரையும் தோட்டத்தின் பேரையும் மட்டும் மாற்றிவிடச் சொன்னார். பிறகு, “உங்க தப்பையும் சேர்த்து எழுதுவீங்கல்ல மேடம்?” என்றார். எழுதுவேன் என்றேன். நம்பாமல் இன்னொரு முறை கேட்டார்.

குணாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. தொழிற்சாலை பஸ் ஓட்டுநர். செலண்டார் பக்கத்தில் இரண்டு தோட்டங்களிலும் ஒரு குடியிருப்பிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு, பிற்பகல் மூன்று மணி ஷிப்டுக்குத் தொழிற்பேட்டையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். முப்பத்தைந்து நிமிட ஓட்டம். பத்தொன்பது வருடமாக அதே வேலை. ஒரு விபத்துகூட இல்லை.

அவர் என்னிடம் வந்ததற்கு எட்டு மாதம் முன்பு, வேறொரு கம்பெனியின் ஓட்டுநர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போனவரை இடித்துவிட்டார். இடித்தது அவருக்கே தெரியவில்லை. போலீஸ் வீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. ஓட்டுநர்கள் காப்பிக்கடையில் பல நாள் இதையே பேசினார்கள். குணா அந்த ஆளைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, சக்கரம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால், ‘யார் மேலயாவது ஏத்திட்டேனோ’ என்ற நினைப்பு வந்துவிடும். பஸ்ஸை ஓரம் கட்டுவார். இறங்கிக் குனிந்து பார்ப்பார். பின்னால் ஐம்பது அடி நடந்து பார்ப்பார். ஏறி ஓட்டுவார். சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வரும். மறுபடி நிறுத்துவார். ஒரு நாள் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டே போய்ப் பார்த்திருக்கிறார், உள்ளே நாற்பது பெண்கள் இருக்கும்போது.

நாற்பது பேரும் தாமதமானார்கள். மூன்று தடவை தாமதமானால் தொழிற்சாலை எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கும். பஸ் முதலாளி, ஒப்பந்தம் போய்விடும் என்ற பயத்தில், குணாவுக்கு ஆறு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள்.

“பஸ்ஸை விட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாது மேடம்” என்றார் முதல் நாள். அவர் அழவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்து சொன்னார்.

இங்கே ஒரு சிறிய விலகல். ஆலோசகராவதற்கு முன் ஏழு வருடம் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தேன். என் முதல் விபத்துச் செய்தியைச் செய்தி ஆசிரியர் திருப்பிக் கொடுத்தார். நான்கு சாட்சிகள் நான்கு விதமாகச் சொன்னதால், நம்பும்படியாகப் பேசியவர் சொன்னதை மட்டும் எழுதியிருந்தேன். “யார் சொன்னது சரின்னு உன்னை யாரு கேட்டா? ஒவ்வொருத்தரும் எங்க நின்னு பார்த்தாங்கன்னு எழுது” என்றார். கோட்பாடுகளைப் பற்றி எந்த விரிவுரையிலும் எனக்கு இதைவிடப் பயனுள்ளதாக யாரும் எதுவும் சொன்னதில்லை. ஒவ்வொரு கோட்பாடும் ஓர் இடத்தில் நின்று பார்க்கும் சாட்சி. அது எங்கே நிற்கிறது, அங்கிருந்து எது தெரியாது என்பதைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

குணா விஷயத்தில் ஐந்து சாட்சிகளையும் ஒழுங்காக விசாரித்ததாகவே நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் பயம் தணிகிறது. தணிவதால் அடுத்த தடவையும் இறங்கத் தோன்றுகிறது. நடத்தையியலுக்கு இது முதல் பக்கத்து உதாரணம். ‘தோன்றிவிட்டது, அதனால் நடந்திருக்கும்’ என்று அவர் எடுத்துக்கொள்வது அறிதல் பார்வைக்கு உரியது. உயிரியலுக்காக, அரசாங்க மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் எண்ணச் சுழற்சி நோய் என்று சொல்லி மாத்திரை தொடங்கினார். பலன் தெரிய வாரங்கள் ஆகும் என்றார். அன்பாகப் பேசியதே மனிதநேயப் பார்வைக்குப் போதும் என்று எடுத்துக்கொண்டேன். உளப்பகுப்பாய்வையும் விடவில்லை. ஏதாவது பழைய குற்ற உணர்வு இருக்குமோ என்று அவருடைய தகப்பனாரைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டேன்.

“அப்பா நல்லவருதான் மேடம். வெத்தலைதான் கொஞ்சம் ஜாஸ்தி போடுவாரு” என்றார் குணா.

அந்த வாசல் அன்றே மூடிக்கொண்டது. அந்தப் பார்வை தவறு என்று சொல்லவில்லை. ஆறு வாரத்தில் அந்த வழியாக உள்ளே போய் வெளியே வர நேரமில்லை, அவ்வளவுதான்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

இந்தச் சிகிச்சையில், நோயாளி பயத்தைத் தணிக்கச் செய்யும் காரியங்களையெல்லாம் பட்டியல் போடுவோம். எளிதானதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்வோம். குணா ஒரு நாள் ஓட்டத்தில் செய்வதையெல்லாம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இறங்குவது, குனிந்து பார்ப்பது, பின்னால் நடப்பது, கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. இரண்டாவது தோட்டத்து வாசலில் ஒரு முனியாண்டி கோவில் இருக்கிறது. அங்கே வேகத்தைக் குறைத்து, மூன்று தடவை ஹாரன் அடித்து, நெற்றியைத் தொட்டுக்கொள்வது. வெள்ளிக்கிழமையானால் நிறுத்தி ஒரு சுருட்டு வைப்பது.

மூன்று தடவை என்ற எண்ணைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. எண்ணிக்கையோடு செய்கிற சடங்கு இந்த நோயின் அடையாளம் என்று பாடநூல் சொல்கிறது. பட்டியலில் சேர்த்தேன். எளிதானது போலத் தெரிந்ததால் முதல் இடத்தில் வைத்தேன்.

“மேடம், அது வேற மேடம்” என்றார் குணா.

“எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. விட முடியாததை வேறன்னு சொல்றதும் இந்த நோய்தான்.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, “சரி மேடம், நீங்க சொன்னா சரி” என்றார்.

நான் கடலோரத்தில், தஞ்சோங் கிளிங்கில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஓட்டலில் சமையல்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோவிலுக்குப் போவோம், அதாவது மாதா கோவிலுக்கு. தோட்டம் என்பது பஸ் ஜன்னலில் ஓடும், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள் மட்டும்தான் எனக்கு. நோயாளி மலாய்க்காரராகவோ சீனராகவோ இருந்திருந்தால், ‘உங்க பக்கம் இது வழக்கமா?’ என்று கட்டாயம் கேட்டிருப்பேன். குணா என் மொழி பேசினார். அதனால் அவரைத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். நம்மவர்களிடம் வேலை செய்யும்போது நம்மவர்கள் செய்யும் தவறு இது. நீங்களும் செய்வீர்கள். சீக்கிரம் செய்து சீக்கிரம் கண்டுபிடியுங்கள்.

திங்கட்கிழமை குணா ஹாரன் அடிக்கவில்லை. பஸ்ஸுக்குள் திடீரென்று அமைதி. பின் இருக்கையில் யாரோ வாயாலேயே ‘பாம் பாம் பாம்’ என்றார்களாம். செவ்வாய்க்கிழமை பெண்கள் நேராகக் கேட்டார்கள். மேடம் அடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றார் குணா. புதன்கிழமை இரண்டாவது தோட்டத்தில் பதினோரு பெண்கள் பஸ்ஸில் ஏறவில்லை. தெரிந்தவர்கள் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் தொற்றிக்கொண்டு, பாதிப் பேர் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து முதலாளிக்கு அழைப்பு போனது.

வியாழக்கிழமை காலை ஒரு பெண் எங்கள் மையத்துக்கு வந்தார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். தொழிற்சாலைச் சீருடையிலேயே இருந்தார். பிற்பகல் ஷிப்டுக்கு முன் வேலையை முடித்துவிட்டுப் போவது என்று கிளம்பி வந்தவர். பெயர் சாந்தி. குணாவின் பஸ்ஸில் பன்னிரண்டு வருடமாகப் போகிறவர்.

“பசியாறிட்டீங்களா? உட்காருங்க” என்றேன்.

“உட்கார வரல. எங்க குணா அண்ணன்கிட்ட ஹாரன் அடிக்காதேன்னு சொன்னது நீங்கதானா?”

ஒருவர் நம்மிடம் வருகிறார் என்பதையே நாம் மற்றவரிடம் ஒப்புக்கொள்ளக் கூடாது. அது விதி. “இங்க வர்றவங்களைப் பத்தி நான் யார்கிட்டயும் பேச முடியாதும்மா” என்றேன்.

“பேசாதீங்க. நான் பேசுறேன், நீங்க கேளுங்க. அந்த எடத்துல எல்லா வண்டியும் ஹாரன் அடிக்கும். செம்பனை லோரி ஓட்டுற வங்காளதேசத்துப் பையன்கூட அடிக்கிறான்லா. மீன் விக்கிற சீனன் வேன்ல வரும்போது அடிக்கிறான். எங்க பஸ்ஸு மட்டும் ஊமையா போகுது. கோவிலைத் தாண்டி வர்ற வளைவுல வண்டி கவுந்தா நீங்களா வந்து தூக்குவீங்க?”

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“அவரு இறங்கி இறங்கிப் பார்க்கிறாரே, அது நோயின்னு எங்களுக்குத் தெரியாதா? ரொம்ப சூசாதான், கஷ்டம்தான். லேட்டாகி ரெண்டு லெட்டர் வாங்கிட்டேன். ஆனா ஒருத்தியாவது அவரை மாத்துங்கன்னு கேட்டிருக்கோமா? ஹாரன் அடிக்கிறதையும் நோயின்னுட்டீங்களே. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் இவ்வளவு படிச்சீங்களா?”

இந்த இடத்தில் எனக்குள் இருந்த நிருபர்தான் என்னைக் காப்பாற்றினார். கோபப்படாமல் கேட்டேன்: “பொதுவாத்தான் கேக்கிறேன். நீங்க எப்படி வித்தியாசம் சொல்வீங்க?”

சாந்தி என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“அவரு இறங்கலன்னா எங்களுக்கு நிம்மதி. ஹாரன் அடிக்கலன்னா எங்களுக்கு பயம். இதுக்குப் படிப்பு வேற வேணுமா?”

அவர் போன பிறகு அதை என் குறிப்பேட்டில் அப்படியே எழுதிவைத்தேன். வழக்கம் என்பது, விட்டால் சுற்றி இருப்பவர்கள் கேள்வி கேட்பது. நோய் என்பது, விட்டால் அவர் ஒருவர் மட்டும் தவிப்பது. இன்னொன்றையும் அன்று மாலை நானே சேர்த்துக்கொண்டேன். முனியாண்டிக்கு மூன்று ஹாரன் அடித்தால் வேலை முடிந்தது; நான்காவதாக ஒன்று அடிக்க வேண்டும் என்று குணாவுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இறங்கிப் பார்ப்பதற்கோ முடிவே இல்லை.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். மலாய்க்காரப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தொழுகைக்கு முன் கை கால் கழுவுவது தன் வீட்டில் எல்லோரும் செய்வது, மூன்று தடவை கழுவுவதும் வழக்கம்தான், பத்தாவது தடவையும் கழுவிக்கொண்டிருப்பவர்கள்தான் தன்னிடம் வருகிறார்கள் என்றார். அதனால் தன் முதல் கேள்வியே, ‘வீட்டில் மற்றவர்கள் எப்படிச் செய்வார்கள்’ என்பதுதானாம். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

அன்றே குணாவை வரச் சொன்னேன்.

“நான் சொன்னது தப்பு. ஹாரன் அடிங்க. சுருட்டும் வைங்க.”

“நான்தான் அது வேறன்னு சொன்னேனே மேடம்.”

“சொன்னீங்க. நான் கேக்கல.”

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு செய்தியைச் சொன்னார். முதலாளி பொறுமை இழந்துவிட்டார். அடுத்த வியாழக்கிழமை அவரே பஸ்ஸில் ஏறப் போகிறார். குணா ஒரே ஒரு தடவை இறங்கினாலும், மறுநாளிலிருந்து வேறு ஓட்டுநர். ஆளைக்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

ஒரு வாரம் இருந்தது. தவறு செய்த ஆலோசகரிடம் இன்னொரு வாரத்தை ஒப்படைக்க அவருக்கு என்ன காரணம்? அவரிடமே கேட்டேன். “வேற யாரையாவது பார்க்கணும்னா நானே ஏற்பாடு செய்யிறேன். நீங்க என்ன விரும்புறீங்க?”

“எனக்கு பஸ்ஸு ஓட்டணும் மேடம். இந்த நினைப்பு போகாட்டியும் பரவால்ல. தலைக்குள்ள அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் பஸ்ஸு ஓட்டணும்.”

நான்கு வாரமாக நான் நினைப்பைத் துரத்திக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது அது இல்லை. இந்த ஒரு பதிலை முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். மனிதநேயப் பார்வையைப் புன்னகையும் தலையாட்டலும் என்று நினைக்கிறவர்கள் நம் தொழிலில் நிறைய. அது ஒரு கூர்மையான கேள்வி. அதைக் கேட்ட பிறகுதான் மற்றக் கோட்பாடுகளுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்தது.

அடுத்த ஆறு நாள் காலையில் வெற்று பஸ்ஸில் என்ன பயிற்சி செய்தோம் என்பதை விவரிக்கப் போவதில்லை. உங்கள் கையேட்டில் இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதல் நாள் ஒரு வேகத்தடையைத் தாண்டிவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்க, அவர் சட்டை முழுவதும் நனைந்துபோனது. ஆறாம் நாள் பன்னிரண்டு தடைகளைத் தாண்டினார். அப்போதும் நினைப்பு வந்தது. வந்ததோடு ஓட்டினார்.

வியாழக்கிழமை, குணாவின் சம்மதத்தோடு நானும் ஏறினேன். முதலாளி ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில். கனத்த உடம்பு, அறுபது வயது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கெட்டவர் இல்லை. அந்த ஒப்பந்தம் போனால் அவருக்கு இருந்த மூன்று பஸ்களில் இரண்டு நின்றுவிடும். நான் அவருக்கு எதிர்ப்பக்கம், வாசலை ஒட்டி உட்கார்ந்தேன். இரண்டாவது தோட்டத்தில் பதினோரு பேரும் ஏறினார்கள். சாந்தி என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்துவிட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். தோட்டத்து வாசலில் குணா மூன்று தடவை ஹாரன் அடித்தார். முதலாளியின் கையும் நெற்றிக்குப் போனது.

நான்கு வேகத்தடைகள். குணா இறங்கவில்லை. பெரிய சாலைக்கு முந்தைய ஒற்றைச் சாலையில், ஒரு வளைவைத் தாண்டியதும் சக்கரத்துக்கு அடியில் ‘டமார்’ என்று ஒரு சத்தம். பஸ் ஒரு பக்கம் தூக்கிப் போட்டு இறங்கியது. வேகத்தடை இல்லை. அந்த இடத்தில் எதுவும் இருக்கக் கூடாது.

குணா பஸ்ஸை ஓரம் கட்டினார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

“மேடம், இறங்கட்டுமா?”

“டேய் குணா, இறங்கினே, அவ்வளவுதான்!” என்றார் முதலாளி.

“அலாமா, என்னமோ அடிச்சிருச்சுண்ணே!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

யோசிக்க எனக்கு மூன்று, நான்கு விநாடிகள் இருந்திருக்கும். இறங்கச் சொன்னால் ஆறு நாள் பயிற்சி வீண், வேலையும் போகும். வேண்டாம் என்றால், கீழே உண்மையிலேயே ஒரு மனிதர் கிடந்தால்? ஆறு நாளாக நான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது, உள்ளே அடிக்கும் மணிக்கு எழுந்து போகாதே என்று. இப்போது அடித்தது உள்ளேயா வெளியேயா என்று குணாவைக் கேட்டுப் பயனில்லை. அவருக்கு எப்போதும் கேட்கும்.

நான் திரும்பி சாந்தியைக் கேட்டேன். “உங்களுக்குக் கேட்டுச்சா?”

“என்ன மேடம் இப்படிக் கேக்கிறீங்க? சீட்டே தூக்கிப் போட்டுச்சு!”

“குணா, போய்ப் பாருங்க. ஒரு தடவை.”

முதலாளி எழுந்துவிட்டார். “என்னம்மா நீங்க? இதுக்கா இத்தனை நாள் கவுன்சலிங்?”

“இப்ப நீங்க ஓட்டிட்டு வந்தாலும் இறங்கித்தான் பார்க்கணும். இது நோய் இல்ல. இறங்காமப் போனாத்தான் நாளைக்குப் போலீஸ் உங்க ஆபீசுக்கு வரும்.”

அவர் உட்கார்ந்தார். அவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்தான்.

குணா தனியாக இறங்கினார். நான் கூடப் போகவில்லை. சாந்தி ஜன்னலில் தலையை நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். பின் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், லோரியிலிருந்து விழுந்த ஒரு செம்பனைக் குலை பிளந்து கிடந்தது. சிவந்த பழங்கள் சாலையெங்கும் சிதறியிருந்தன. குணா குனிந்து பஸ்ஸுக்கு அடியில் பார்த்தார். குலையின் காம்பைப் பிடித்து இழுத்துப் புல்லில் தள்ளினார். கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

பிறகு அங்கேயே நின்றார்.

பின்னால் வளைவு வரை வெறும் சாலை. அவருடைய வலது கால் அந்தப் பக்கம் திரும்பியது. நாற்பது பேரும் ஜன்னல் வழியாக அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். சாந்தி, ‘ஒண்ணும் இல்லண்ணே, வாங்க’ என்று சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அந்த ஆறுதலை நாம் கொடுத்தால் நாளையும் நாமே கொடுக்க வேண்டியிருக்கும். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

குணா ஏறி வந்தார். இருக்கையில் உட்கார்ந்து கியரில் கை வைத்தார். பஸ் நகரவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமலே, மெல்லிய குரலில் சொன்னார்.

“சரியாப் பார்த்தேனான்னு தெரியல மேடம்.”

சரியாகத்தான் பார்த்தார். நானும் பார்த்தேன், எல்லோரும் பார்த்தோம். அதைச் சொல்வது மிக எளிது, அன்பாகவும் இருந்திருக்கும்.

“தெரியாமலே ஓட்டுங்க” என்றேன்.

இந்த இரண்டு சொற்கள் எந்தக் கோட்பாட்டிலிருந்து வந்தவை என்று நீங்கள் என்னைக் கேட்கலாம். நான்கு கோட்பாடுகள் உரிமை கொண்டாடும். அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அவருடைய பயத்துக்கு என் பதில் எதுவும் உதவாது, அவர் கேட்டது பஸ் ஓட்டுவதை மட்டும்தான் என்பது. கோட்பாடுகளை நன்றாகப் படியுங்கள். ஆறையும் படியுங்கள். அப்படிப் படித்தால்தான் இப்படிப்பட்ட மூன்று விநாடிகளில் எதை விட்டுவிடலாம் என்று தெரியும்.

பஸ் நகர்ந்தது. குணா கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார். அவர் கழுத்தில் வியர்வை ஓடியது. பெரிய சாலைக்கு ஏறியபோது கியரை மாற்றினார். நிறுத்தவில்லை. மூன்று மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது தொழிற்சாலை வாசலில் நின்றோம்.

பெண்கள் இறங்க எழுந்தார்கள். முதலாளி அவர்களுக்கு வழி விடாமல் படியருகே நின்று குணாவைப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

“பின் டயரு அந்தக் குலை மேல ஏறியிருக்கு. நாளைக்கு வண்டி எடுக்கிறதுக்கு முன்னால காத்து செக் பண்ணிடு.”

நாளைக்கு. குணாவுக்கு அது புரிய ஒரு கணம் பிடித்தது. தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஒரு தடவை செக் பண்ணா போதும்ல, பாஸ்?”

முதலில் சிரித்தது சாந்தி. பிறகு முழு பஸ்ஸும்.